ஏழாம் குழி

நூற்று முப்பத்தெட்டு கஜம்.
செம்பனை ஏற்றும் லோரிகளை வரிசையாக நிறுத்தினால்
பதினொன்று.
மூன்றே அடியில் முடிக்கவேண்டும்.
இதில் என்ன இருக்கிறது என்பார்கள்
முதல் தடவை வருகிறவர்கள்.
இரண்டாம் தடவை கேட்பதில்லை.

காலை ஆறரைக்கு
முன்பு பெரட்டுக்கு ஆள் கூடிய திடலைத் தாண்டி
வெட்டுக்குழாயைத் தோளில் போட்டு வருவேன்.
கிரீனில் ஓட்டை போடுவது என் வேலை.
இன்றைய குழியில் பிடுங்கிய மண்கட்டி
நேற்றைய குழிக்குள் போகும்.
தண்ணீர் தெளித்து மிதித்துவிட்டால்
யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும்.

கீழே குளம்.
ஸ்டோர் ஓடிய காலத்தில்
பால் கழுவிய தண்ணீர் வந்து தேங்கிய இடம்.
இப்போதும் மழைக்கு முன்னால்
ஓர் இழை ரப்பர் நாற்றம் மேலேறி வரும்.
அடியில் கிடக்கும் பந்துகளை அள்ளினால்
டவுனில் ஆளுக்கு நாலு கொடுக்கலாம்.

ஆனால் குளத்தில் இல்லை விஷயம்.
கண்ணுக்குத் தெரிந்த பயத்தை
மனுஷன் எப்படியும் சமாளிப்பான்.
மேட்டில் நின்றால் எல்லாமே தெரிகிறது,
கொடி, மணல், தண்ணீர், சரிவு,
எதிர்க்கரையில் உடும்பு நாக்கை நீட்டுவதுகூட.
மறைவு என்று ஒன்றுமில்லை.
அதுதான் வினை.
பழி போட
ஒரு மரமாவது வேண்டாமா?

இடது பக்கம் அகலமாகப் புல் விட்டிருக்கிறது.
அங்கே அடித்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.
ஆசிரியை ஜெகதாம்பிகை புதன்தோறும் அப்படித்தான்.
குளத்தைத் திரும்பியும் பாராமல்
இடது, பிறகு ஒரு தட்டு, பிறகு உருட்டு.
போன மாதம் மூன்றே அடி.
கொடிக்கே குறிவைக்கும் தவுக்கே லிம்
அன்று ஒன்பது.
கடைசிப் பந்து என்னிடம் கடன் வாங்கியது.
இன்னும் தரவில்லை.

பத்து மணிக்கு மேல் காற்று
செம்பனைகளுக்கு நடுவே உள்ள செம்மண் சடக்கில்
கூலி வாங்கப் போகிறவன் மாதிரி விறுவிறுவென்று வரும்.
நிற்பவன் சட்டை அசையாது. கொடியும் அசையாது.
பந்து போகும் உயரத்தில் மட்டும்.
எண்ணெய் மில்லின் புகை எந்தப் பக்கம் வளைகிறது என்று
பார்க்கத் தோன்றியவனுக்கு அது சொல்லும்.
பெரும்பாலும் யாருக்கும் தோன்றாது.

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார்.
வெள்ளைச் சப்பாத்து, கையில் டேப்லட்.
"குட்டையாக இருக்கிறது.
நாற்பது கஜம் பின்னே தள்ளினால்தான் சவால்."
மேனேஜர் புஷ்பநாதன் தலையாட்டினார்.
என்னைக் கேட்கவில்லை,
ஓட்டை போடுகிறவளை யார் கேட்பது?
நாற்பது கஜம் பின்னே போனால்
ஜெகதாம்பிகைக்கு ஆசையே வராது.
ஆசை வராத இடத்தில்
என்ன சோதனை?

மறுநாள் கொடியை ஒளித்து வைக்கவில்லை.
கிரீனின் நடுவயிற்றில், இதோ எடுத்துக்கொள் என்று.
அவர் நாலு பந்து அடித்தார்.
மூன்று குளம்.
நாலாவது மேலே விழுந்தது,
கொஞ்சம் யோசித்தது,
சரிவில் இறங்கியது.
அதுவும் குளம்.

வெகுநேரம் டேப்லட்டின் கண்ணாடியைத் துடைத்தார்.
நீட்டப் போகிறார்களா, விட்டுவிடுவார்களா,
இன்றுவரை சேதி இல்லை.
காரில் ஏறும்போது கேட்டார்:
"நீங்க ஆடியிருக்கீங்களாக்கா?"
சிரித்துவைத்தேன்.

ஒரே ஒரு தடவை.
மழை வரப்போகும் அந்தி, ரப்பர் நாற்றம்,
யாரோ மறந்துபோன எட்டாம் நம்பர் மட்டை,
காலில் கம்பெனி பூட்ஸ்.
இடது பக்கம் அடி என்று
ஊருக்கே சொல்லக்கூடியவள் நான்.
கொடியைப் பார்த்தேன்.

அது போனது.
புகை வளைந்த பக்கமே வளைந்து,
தண்ணீரைத் தாண்டி, கொடியைத் தாண்டி,
பின்மேட்டில் விழுந்து
அவசரமில்லாமல் உருண்டு வந்து
நின்றது,

நேற்றைய குழியை
காலையில் நானே மூடிய
அந்த வட்டப் புல்லின் மேல்.