மடியில் கனம்

மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டே பேர்.
டிரம்ஸுக்குப் பின்னால் நான்.
ஸ்பீக்கர் பெட்டிக்கும் சிகரெட் மெஷினுக்கும் நடுவில்
ஆர்டித் டாலிவர்.
நிற்பவர்களைத்தான் ஊர் பார்க்கும்.

சாகினா, மிச்சிகன். ஜனவரி.
பாருக்கும் பௌலிங் கூடத்துக்கும் ஒரே சுவர்.
மெதுவான ப்ளூஸ் ஒன்றின் நடுவே
அந்தப் பக்கம் பத்துக் கட்டைகளும் மொத்தமாய்ச் சாயும்.
அதற்கும் இடம் விட்டு வாசிக்கப் பழகியிருந்தோம்.
பேஸ் வாசிக்கும் எம்மட் மட்டும்
ஒவ்வொரு முறையும் திடுக்கிடுவான்.

பகலில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
அதுவும் உட்கார்ந்து.
இரவில் மடியில் ஒரு பலகை, ஆறு கம்பி,
இடது கையில் ஓர் இரும்பு.
அழுத்துவதில்லை.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில்
புறங்கை வைப்பதுபோல் வைக்கிறாள், நகர்த்துகிறாள்.
கம்பிகளுக்கு அடியில் கோடுகள் உண்டு,
சும்மா கோடுகள்.
இந்தச் சுரத்திலிருந்து அந்தச் சுரத்துக்குப் போகும் வழியில்
எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது
அவள் வாசித்துத்தான் எனக்குத் தெரியும்.

போன வருஷம் அவளுடைய எஃகுத் துண்டு
வாசலில் பனிக்குள் விழுந்து தொலைந்தது.
பேருந்தின் கருவிப்பெட்டியிலிருந்து
ஸ்பார்க் பிளக் கழற்றும் குழலை எடுத்துவந்து
இரண்டு செட்டும் வாசித்தாள்.
கொஞ்சம் கிரீஸ் வாசனை, கொஞ்சம் கூடுதல் கோபம்.
ஏப்ரலில் பனி உருகித் துண்டு கிடைத்தது.
அது இப்போது அவள் சமையலறை ஜன்னலுக்கு
முட்டுக் கொடுக்கிறது.

பாராட்டெல்லாம் கிப் வோஸ்னியாக்குக்கு.
ஒரு சுரத்தை அவள் இழுத்து இழுத்து
உடையும் இடத்துக்குக் கொண்டுபோகும்போது
அவன் கண்ணை மூடி முகம் சுளிப்பான்.
கூட்டம் அந்த முகத்துக்குக் கை தட்டும்.
அவனைப் பொய்க்காரன் என்று சொல்ல மாட்டேன்.
வலித்தால் யாருக்கும் முகம் சுளிக்கும்,
வலி பக்கத்து ஆளுடையதாக இருந்தாலும்.

அன்றைக்கு இரண்டாவது செட்டில் அவன் கம்பி அறுந்தது.
மாற்றுக் கம்பி வேனில்.
வேன் சாவி எம்மட்டின் பையில்.
எம்மட்டின் கை ஓயவில்லை.
கிட்டாரைச் சாய்த்து வைத்துவிட்டு
கிப் கவுண்டருக்குப் போய் பியர் கேட்டான்.

அழுகை நிற்கவில்லை.

ஆரஞ்சுத் தொப்பி வேட்டைக்காரன் ஒருவன்,
மாலையிலிருந்து கிப், கிப் என்று கத்திக்கொண்டிருந்தவன்,
சாய்ந்திருந்த கிட்டாரைப் பார்த்தான்.
பியர் நுரையைத் துடைக்கும் கிப்பைப் பார்த்தான்.
விளக்கணைந்த ஜூக்பாக்ஸைப் பார்த்தான்.
தன்னிடமிருந்துதான் வருகிறதோ என்பதுபோல்
சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான்.
பிறகு சிகரெட் மெஷினைச் சுற்றி வந்து
குனிந்தான்.

பாட்டு முடிந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம்
ஏழெட்டுக் கட்டை விழுந்தது.
மிச்சம் நின்றது.

“எழுந்திருங்க மேடம், எல்லாரும் பார்க்கட்டும்.”
இன்னும் நாலு பேர் அதையே சொன்னார்கள்.
எழும்வரை விடுவதில்லை என்று தட்டினார்கள்.
ஆர்டித் மடியைக் காட்டினாள்.
“எழுந்தா விழுந்துடும்.”
அவ்வளவுதான் பேச்சு.
சுண்டுவிரலால் ஒலியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு
அடுத்ததை ஆரம்பித்தாள்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
இரவு இரண்டு மணி,
ஃபிளின்ட் போகும் சாலையில் இன்னும் உப்புத் தூவவில்லை.
ஆளுக்குப் பதினோரு டாலர்.
வேனை அவள் எங்களில் யாருக்கும் தருவதில்லை.
பின்னால் என் டிரம்ஸ் அடைத்துக்கொண்டதால்
அவளுடைய பெட்டி முன் சீட்டில்
கிப்பின் மடியில்.
அவன் தூங்கவில்லை, பேசவும் இல்லை.

பாலத்தருகே சக்கரம் வழுக்கியது.
கிப் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.
ஆர்டித் பிரேக்கை அழுத்தவில்லை.
ஸ்டீயரிங்கில் கையை வைத்து
லேசாக
நகர்த்தினாள்.