கதவில் ஒரு காலிங் பெல்

தேசப்பன் வண்டியில்
ஸ்டியரிங்கை எங்கே அமுக்கினாலும் ஹாரன் வராது.
டிரைவர் பக்கக் கதவில்
வீட்டு வாசலுக்கு வைக்கிற காலிங் பெல் சுவிட்ச்
இரண்டு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருந்தது.
வெள்ளை பிளாஸ்டிக், மேலே குட்டியாக மணிப் படம்.
அதைத் தொட்டால்
காசிமேட்டு ஐஸ் கம்பெனி மொத்தமும் திரும்பிப் பார்க்கும்.

அறுபத்து மூன்றாம் வருஷத்து ஃபார்கோ.
மூக்கு மட்டும்தான் அந்த வருஷம்.
இன்ஜின் வேறு வண்டியுடையது,
கியர் பாக்ஸ் வந்த வழி யாருக்கும் தெரியாது,
போன மாசம் ஸ்டியரிங் காலமும் மாறியது,
மணலியில் உடைத்த நானூற்றேழிலிருந்து.
"காலம் மாறிப்போச்சி ஜெசிந்தா" என்று
தேசப்பனே சொல்லி, தேசப்பனே சிரித்தார்.
வீல் மட்டும் பழசு.
புரோட்டாக் கல் அகலம்.
"நடுவுல பட்டன் வெச்சிக் குடும்மா,
லாரி மாறி இருக்கட்டும்."

சுற்றுகிற ஒன்றுக்கு
சுற்றாத இடத்திலிருந்து
ஒரே ஒரு வயரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.
வேலை அவ்வளவுதான்.
இரண்டு நாள் ஆனது.

கொருக்குப்பேட்டை லேத்தில் பித்தளை வளையம் கடைந்தேன்.
மூன்று தடவை போனேன்,
மூன்றாம் தடவைதான் கரண்ட் இருந்தது.
வளையத்துக்கு அடியில் ஃபைபர் வாஷர்.
அதன் மேல் உரச,
செத்துப்போன என் மிக்சியின் கார்பன் துண்டு,
பின்னால் தள்ள ஒரு பேனா ஸ்பிரிங்.
பத்து வருஷம் தேங்காய்ச் சட்னி அரைத்த கரி
இப்போது லாரித் தொண்டையில்.

ரிலேயில் முப்பதுக்கு பேட்டரி,
எண்பத்தேழுக்கு ஹாரன்,
எண்பத்தாறுக்கு சாவி,
எண்பத்தைந்து பட்டனுக்கு.
அமுக்கினேன்.
சத்தமே இல்லை.

டெஸ்ட் லாம்ப் வளையத்தில் எரிந்தது.
பட்டன் வரைக்கும் எரிந்தது.
பட்டனுக்கு அந்தப் பக்கம்?
மேலே நைலான் புஷ், நடுவில் ரப்பர் மூட்டு.
அதிர்வு கைக்கு ஏறாமலிருக்க வைத்தது,
எர்த்தையும் ஏறவிடவில்லை.
அமுக்கிக்கொண்டே
ஸ்க்ரூ டிரைவரால் ராடையும் பாடியையும் தொட்டேன்.
பாஆஆம்.
வாசலில் டீ கொண்டுபோன மஸ்தான் பாய்
டம்ளரை மட்டும் காப்பாற்றினார்.

ரப்பரைத் தாண்டி ஒரு செம்புப் பின்னல்,
இரண்டு முனையிலும் லக்,
அசையக் கொஞ்சம் தொய்வு விட்டு முடுக்கினேன்.
அமுக்கினால் அடித்தது, விட்டால் நின்றது.

கல்மண்டபம் முனையில் இடப்பக்கம் ஒடித்தோம்.
யாரும் தொடவில்லை, ஹாரன் தானாக அடித்தது.
டிராஃபிக் போலீஸ்
சல்யூட்டா திட்டா என்று புரியாமல் பார்த்தார்.
நேராக்கினோம், நின்றது.
அடுத்த இடப்பக்கம், மறுபடியும்.
வலப்பக்கம் ஒடித்தால் மௌனம்.
"வலது பக்கத்துக்காரன் இன்னா பாவம் பண்ணான்?"
தேசப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.
இண்டிகேட்டரைத் திருப்பிவிடுகிற காது
கரியின் வாலைத் தொட்டிருக்கிறது.
வாலை அரை விரற்கடை வளைத்து, ஸ்லீவ் மாட்டி,
லைட்டரால் சுட்டேன்.
பிறகு காலிங் பெல்லைக் கழற்றினேன்.
கதவில் இரண்டு ஓட்டை,
வெயில் படாத பச்சையில் ஒரு சதுரம்.

ராத்திரி இரண்டு மணி.
முழு லோடு ஐஸ். துறைமுக கேட்.
ஒரு மீன்பாடி வண்டி
விளக்கில்லாமல் பின்னாடி வந்திருக்கிறது.
தேசப்பன் கை கதவுக்குப் போனது.
கட்டைவிரல் ஓட்டையை அமுக்கியது.
மறுபடி அமுக்கியது.
பிரேக் பிடித்தது. ஐஸ் நான்கு பாறை கீழே.
மீன்பாடிக்காரர் சொன்ன வார்த்தையை
எனக்குச் சொல்லமாட்டேன் என்றார்.

காலையில் கடை திறக்கும் முன்னே நின்றார்.
"அந்த மணியக் குடும்மா."
"அப்போ நடுவுல இருக்கறது?"
"அதுவும் இருக்கட்டும். பகல்ல."

எண்பத்தைந்திலேயே இன்னொரு வயர்.
கதவுக் கீல் நல்ல எர்த்.
ஐந்து நிமிஷம்.
ரெண்டு நாள் கூலியைக் கடன் சொன்னவர்
இதற்கு மட்டும்
இருபது ரூபாய் உடனே கொடுத்தார்.