ஓரத்துக் காலாள்

காலை ஐந்தரை என்றால் அங்கே ஒன்பது மணி.
நடுவர் கத்தரிக்கோலால்
நேற்று மாலை ஒட்டிய உறையை வெட்டுகிறார்.
வெள்ளவத்தையில் நான், இன்னும் பல் துலக்கவில்லை,
கொரேராவுக்குச் சொல்கிறேன்:
"உறைக்குள் இருந்தது வெள்ளி. ஒரு கட்டம் முன்னுக்கு."
"நினைச்சனான்" என்கிறான்,
துறைமுகத்தில், நாற்பது மீற்றர் உயரத்தில்,
பாரந்தூக்கியின் கண்ணாடிக் கூண்டுக்குள்.
கப்பல் பிந்துகிறது. கீழே வெறும் தண்ணீர்.

என் ஜப்பான் மொழி ஏலத்தாளில் கற்றது.
பஞ்சிகாவத்தையில் மாடிக் கந்தோர்;
வாகனம் வருமுன் அதன் குற்றப்பத்திரம் வரும்.
இடக்கதவில் நகமளவு கீறல்,
பின்னிருக்கையில் சிகரெட் சுட்ட ஓட்டை,
முன்னைய உரிமையாளர் நாய் வளர்த்தவர்.
அந்தச் சொற்களை வைத்துத்தான்
ஒரு பட்டத்துக்கான ஆட்டத்தையே ஓட்டுகிறேன்:
"குராமோச்சியின் கோட்டை, வெளிப்பூச்சு நல்லம்.
அடித்தட்டில் துரு."

காய்களுக்கும் பேர் வைக்கவேண்டி வந்தது.
ஈட்டி ஈட்டிதான். தேர் தேர்தான்.
பொன், வெள்ளி என்றால்
செட்டியார் தெருவில் என்ன விலை என்பான்.
மூலைவிட்டத்தில் ஓடுகிறவனுக்கு மட்டும்
ஒரு வசவு அளவெடுத்துத் தைத்ததுபோலிருந்தது:
குறுக்கால போவான்.

இரு பக்கமும் ஒரே மர நிறம்.
கூர்முனை எங்கே பார்க்கிறதோ அதுதான் கட்சி.
பிடிபட்டவன் சாவதில்லை;
கையில் வைத்திருந்து, முகத்தைத் திருப்பி,
வேண்டிய இடத்தில் இறக்கலாம்.
முதல்நாள் இதைச் சொன்னபோது
கூண்டு குலுங்கச் சிரித்தான்:
"எங்கட யூனியன் எலெக்சன்."

அவனிடம் பலகை இல்லை.
மேலிருந்து பார்த்தால் தெரியும் கொள்கலன் முற்றத்தில்
ஒன்பது வரிசை, ஒன்பது நிரை எடுத்துக்கொண்டான்.
நான் சொல்லச் சொல்ல
சிவப்புப் பெட்டிகளும் நீலப் பெட்டிகளும்
அசையாமலே அசைந்தன.

பகல் கடந்தது. சோற்றுப் பார்சல்
மேசையில் எண்ணெய் வட்டம் போட்டது.
குராமோச்சிக்கு நேரம் தீர்ந்து
ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நிமிடம் மட்டும்.
குறிப்பெழுதும் பையன் எண்ணுகிறான்.
ஐம்பது. ஐம்பத்தைந்து. ஆறு.
என்னையறியாமல் நானும் எண்ணுகிறேன்,
அடுத்த மேசை நஸ்ரின் தலைநிமிர்ந்து பார்க்க.

இரண்டு நாற்பத்தேழு.
இஷ்ஷிகி குதிரையொன்றை இறக்கினான். சத்தம் கேட்டது.
குராமோச்சி தண்ணீர் குடித்தார்,
மேலங்கியின் மடிப்பைச் சரிசெய்தார்,
கையைப் பலகையோரம் வைத்துக் குனிந்தார்.

"முடிஞ்சுது."
"என்னெண்டு?"
"தோல்வியை ஒப்புக்கொண்டிட்டார்."
"அதில்லை. ஏன்?"

ஏன்.
திரையின் மூலையில் எண் ஒன்றுக்கு இறங்கியிருந்தது.
எண் சொல்லும்; ஏனென்று சொல்லாது.
அரசனுக்கு முன்னே வழி திறந்துதான் கிடந்தது.
நானாக இருந்தால் ஓடியிருப்பேன்,
வலது ஓரத்தால், கட்டம் கட்டமாக.
இரண்டு நாள் வாய் ஓயாமல் பேசியவள்
நிமிடக்கணக்கில் பேசவில்லை.
கீழே ஒரு லொறி பின்னோக்கி வந்து
அதே பாட்டை இருமுறை பாடியது.

"அந்த ஓரத்துக் காலாள்" என்றான் கொரேரா,
"நேற்றுக் காலமை இஷ்ஷிகி தள்ளினது,
இன்னும் நிக்குதோ?"

நேற்றுக் காலை.
"சும்மா நேரம் கடத்துறான்" என்றுவிட்டு
நான் தேத்தண்ணி ஊற்றப் போன நகர்வு.
நிற்கிறது.
அது பார்க்கும் ஒற்றைக் கட்டத்தில்தான்
என் அரசன் கால்வைக்கப் போனான்.

"நிக்குது" என்றேன்.
அந்தப் பக்கம் நீளமாய் ஊதல்.
"கப்பல் வந்திட்டுது, வைக்கிறன்."

மாலைக்குள் பதினொரு தாள் முடிக்கவேண்டும்.
முதலாவது: வெள்ளை வான், ஒரு கை மாறியது,
உட்புறம் சுத்தம்.
வலப்பக்கப் பின் ஓரம், சிறு கீறல்.
வழக்கமாக இதை
தமிழில் எழுதாமல் விட்டுவிடுவேன்.