சலம்

கடுதாசி எதை விரித்தாலும் அதன்மேல் குந்துவான்,
அதனால் கிளாக்கர்.
என் விசா விண்ணப்பத்தில்
அவன் பதித்த காலடிதான்
இதுவரை விழுந்த முத்திரை.

புதன்கிழமை ஐந்து தரம் மணல்தட்டுக்குப் போனான்.
ஆறாவது தரத்தை நான் எண்ணவில்லை.
கோழித் தொழிற்சாலை இரவு வேலைக்கு
பஸ் பிடிக்க ஓடிவிட்டேன்.

விடிய வந்தால்
குளியலறைத் தரையின் குளிரில்
வயிறு ஒட்டக் கிடக்கிறான்.
மணல் முழுக்கக் கிண்டியிருந்தது,
ஈரம் இல்லை.
தட்டின் ஓரம் குன்றிமணி அளவில்
ஒரு சொட்டு, ரோஸ் நிறம்.

"மலச்சிக்கல்" என்றான் இன்பராசன்,
மரக்கறிக் கடையில் நிற்பவன்,
எதற்கும் மருந்து தெரிந்தவன்.
"பாலுக்குள்ள கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குடு."
குடுத்தேன். சத்தி எடுத்தான்.
என் பிழை அது, எழுதி வைக்கிறேன்.

டாண்டினோங்கில் அன்று நாற்பத்தொரு பாகை.
வெக்கைக்குச் சோர்ந்துவிட்டான் என்று
மத்தியானம்வரை நம்பினேன்.
நம்புவதற்குக் காசு தேவையில்லை.

முதுகை வளைத்துக் குந்துவான்.
வால் நடுங்கும்.
கண் எங்கோ சுவரைப் பார்க்கும்.
வராது.
இறங்கி அந்த இடத்தையே நக்குவான்,
நக்கி நக்கிச் சிவந்துபோன இடத்தை.
திரும்ப ஏறுவான்.
பிறகு ஒரு சத்தம்,
அடித்தொண்டையிலிருந்து,
யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல.

போனில் ஒரு பெண்
முதலில் கேட்டது: ஆண் பூனையா?
ஓம்.
கடைசியாக எப்போது போனான்?
அவள் சொன்ன சொல் எனக்குப் புரியவில்லை.
என்னிடமிருந்த சொல் சலம்.
சலமென்றால் தண்ணிதானே,
"வோட்டர்" என்றேன்,
"வோட்டர் நோ கம்" என்றேன்.
அவளுக்கு விளங்கிவிட்டது.
நாளைக்கு இல்லை, இப்போதே கொண்டுவா.

உடுப்புக் கூடைக்கு மேல் உடுப்புக் கூடை கவிழ்த்து
சேலைக் கயிற்றால் கட்டி
முருங்கைக்காய் மணக்கும் வானில் ஏற்றினோம்.
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
இன்பராசன் திரும்பிப் பார்த்தான்.

மருத்துவர் மெலிந்த பெண், கையெல்லாம் பழைய கீறல்.
இரண்டு விரலால் வயிற்றைத் தொட்டாள்.
கல்மாங்காய்போல் இருக்கிறதாம்,
நீ அமத்திப் பார்க்காதே என்றாள்.
(மாங்காய் நான் சேர்த்தது.)
பேனையின் மையில்லாத குழாயைக் கழற்றிக் காட்டினாள்:
ஆண் பூனைக்கு வழி முடிவில் இவ்வளவுதான்.
பொடிக்கல் நாலு சேர்ந்தால் போதும்.
போகாத உப்பு இரத்தத்தில் ஏறும்,
நெஞ்சு மெதுவாகும்.
இன்னும் ஒரு இரவு விட்டிருந்தால்,
என்று தொடங்கி
கையுறையைக் கழற்றினாள்.

மூவாயிரத்து நூறு டொலர்.
இன்பராசன் வெளியே போய்
கார் நிறுத்தும் இடத்தில் நின்று போன் எடுத்து
என் சீட்டை நட்டத்துக்குக் கூறி எடுத்துத் தந்தான்.
பால் வைத்தியம் சொன்ன அதே வாய்.

ஒரு படிவம் தந்தார்கள்.
பதினொரு வருசமாய் இந்த நாட்டில்
விண்ணப்பதாரி என்ற இடத்திலேயே
கையெழுத்து வைத்துப் பழகியவன் நான்.
இதில் உரிமையாளர் என்றிருந்தது.
பேனை கொஞ்சம் நின்றது.
வைத்தேன்.

மூன்று இரவு குழாயோடு கிடந்தான்.
படம் அனுப்பினார்கள்:
பையில் முதல்நாள் இரத்தம்,
மறுநாள் தேத்தண்ணி,
மூன்றாம் நாள் வைக்கோல் நிறம்.
சாப்பாட்டு இடைவேளையில்
பக்கத்தில் கோழி வெட்டும் வியட்நாம் அக்காவுக்கு
மூத்திரப் பையின் படத்தைக் காட்டினேன்.
கையுறையோடு கைதட்டினாள்.

இப்போது வீட்டில் ஐந்து தண்ணிக் கோப்பை,
ஒன்றை எப்படியும் காலால் தட்டுவேன்.
ஈரத் தீன் தவிர வேறில்லை.
திரும்ப வரலாம் என்று சொல்லித்தான் விட்டார்கள்.

வேலையால் வந்ததும்
சப்பாத்தும் கழற்றாமல் மணலைக் கிண்டுகிறேன்.
நேற்று மூன்று உருண்டை,
ஒன்று தேசிக்காய் அளவு.
இன்பராசனை எழுப்பினேன்.
ஏசிக்கொண்டே எழும்பி வந்தான்,
சாரத்தை இறுக்கிக்கொண்டு குனிந்தான்,
அவனும் ஒருக்கால் எண்ணினான்.