பதினேழாவது

கச்சேரிக்கு முன்னால்
படம் பிடித்து, பிரதி எடுத்து, படிவம் நிரப்பும் கடை.
எட்டரைக்கே வரிசை.
நான் தட்டுகிறேன், தவமலர் சொல்கிறா:
அப்பாவின்ர பேர் திருச்சிற்றம்பலம்.
ஊர் நீர்வேலி. தொழில் வாழைத்தோட்டம்.
இறந்த திகதி, போன மாதம் பதினொன்று.

அச்சில் வந்தது:
திருச்சிற்றம்பலம

திரும்ப அடித்தேன். திரும்பவும் அதே.
சொல்லிப் பார்த்தால் பத்து எழுத்து.
மெசினுக்குத் தி என்றால் இரண்டு, ச் என்றாலும் இரண்டு;
அதன் கணக்கில் பதினேழு.
பெட்டியில் இடம் பதினாறு.
கடைசிப் புள்ளி வெளியே விழுந்துவிட்டது.

தவமலர் தாளை வாங்கி
மெல்ல வாசித்தா.
கடைசி எழுத்தில் வாய் திறந்தபடி நின்றது.
பிறகு சொன்னா, சத்தம் உயராமல்:
"விடியக் காலமை வெள்ளைச் சீலை கிழிச்சு
தாடையைக் கட்டி
நாங்கள் மூடின வாய், தங்கச்சி.
நீங்கள் திறந்து விட்டிருக்கிறியள்."

எனக்கு மறுமொழி இல்லை.

கணினியோடு எனக்குப் பகை கிடையாது.
கொக்குவில் என்று கையால் எழுதினால் கொம்பு முந்தும்.
விசைப்பலகையில் க முந்த வேண்டும்;
கொம்பு பிந்தி வந்து, பாய்ந்து முன்னால் நிற்கும்.
முதல் கிழமை முழுக்கக் கொக்குவிலோடு சண்டை.
பிறகு ஒருநாள் பஸ்ஸில் நடத்துநர் கூவக் கேட்டேன்:
அவர் வாயிலும் க தான் முதல்.
விரல் இணங்கிவிட்டது.

ஓலைக்கும் இணங்கினவர்கள்தானே நாங்கள்.
குத்தினால் பனையோலை கிழியும் என்று
புள்ளியே இடாமல் எழுதி,
வாசிக்கிறவர் வாயில் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டோம்.
அச்சுக்கு வில்லங்கம் என்று
லை-யின் தும்பிக்கையை வெட்டினோம்.
யானை அழவில்லை.

ஆனால் கிழிவது ஓலையின் குணம்.
பதினாறு யாருடைய குணம்?
ஏதோ ஒரு மேசையில், தேத்தண்ணி ஆறுவதற்குள்
யாரோ தட்டிவிட்ட எண் அது.

கொழும்புக்கு எடுத்தேன்.
"ஒரு புள்ளிதானே மிஸ்" என்றார் அதிகாரி,
தமிழில், மரியாதையாக.
உங்கள் முழுப்பெயரைச் சொல்லுங்கள் சேர் என்றேன்.
சொல்லத் தொடங்கினார்.
அவருடைய எழுத்தில், கொம்பும் புள்ளியும் சேர்த்து
நான் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தேன்.
மூன்றாவது சொல்லில் அவரே நிறுத்திவிட்டார்.
அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.
"கடிதம் ஒன்று அனுப்புங்கள், பார்ப்போம்."

கடிதம் அடிக்கிறேன்.
விடயம்: ஒரு புள்ளி.

தவமலர் என் மேசையிலிருந்த நீலப் பேனாவை எடுத்து
அந்த ம-வின் தலையில் ஒன்று வைத்தா.
கொஞ்சம் அழுத்திவிட்டா. தாளில் சின்னத் துளை.

கையால் இட்ட திருத்தம் செல்லாது அக்கா.

"ஓம், தெரியும்" எண்டு சொல்லி
மை காயுமட்டும்
ஊதிக்கொண்டிருந்தா.