இருநூற்று நாற்பதுக்கு மேல்

பொகவந்தலாவையில் நான் வேலை செய்யும் போன் கடைக்கு
உடைசல் பெட்டியோடு வந்தது அந்தக் கல்குலேட்டர்.
வரைபடம் போடும் ரகம். திரையில் ஒரு நெடுங்கோடு செத்திருந்தது.
முதலாளி விலை சொல்லவில்லை. எடுத்துக்கொண்டேன்.

மேல்பிரிவு லயத்தில் இருபது பேர் சீட்டு,
ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு.
பால்மா டின்னில் காகிதம் குலுக்கி எடுப்பார்கள்.
சீட்டுப் பிடிக்கும் ரெங்கநாயகி
மடிப்பைத் தடவியே ஆளைச் சொல்வாளாம்.
போன வருடம் டின் மூடி பறந்து ஜெசிந்தாவின் நெற்றியில் பட்டது.
மிஷினில் போடு என்றார்கள் என்னிடம்,
மிஷினுக்குச் சொந்தபந்தம் கிடையாதே.

மிஷினுக்குத் தற்செயலும் கிடையாது.
அதை யாரிடம் சொல்வது.

அசெம்பிளியில் எழுதினேன். ஒரு வரிக்கு ஒரு வேலை:
இதை எடு, அதை வை, இடப்பக்கம் தள்ளு, பூச்சியமென்றால் தாவு.
நினைவகத்தைத் தூங்கவிடாமல் தட்டிக்கொண்டே
உள்ளே எண்ணிக்கொண்டிருக்கிறது ஆர் என்றொரு பதிவகம்.
எட்டிப் பார்த்தால் எண் வரும்.
வந்தது: ஒன்பது, இருபத்தாறு, நாற்பத்து மூன்று, அறுபது.
பதினேழு பதினேழாய், நிரை பிடித்துக் கொழுந்தெடுப்பதுபோல்.

விதை வேண்டும். பூச்சியத்தை விதைத்தால்
தள்ளியும் புரட்டியும் விடியும்வரை பூச்சியமே.
ஆகவே மனிதர் விரலைக் கேட்டேன்:
விசை அழுத்தும்வரை சும்மா எண்ணிக்கொண்டிரு,
அழுத்திய கணத்தில் நில்.
ஒரு நொடிக்குள் பல்லாயிரம் தரம் சுற்றிவிடும் அது.
எந்த விரலும் அவ்வளவு சூது அறியாது.

ஒரு பைட்டில் இருநூற்று ஐம்பத்தாறு எண்கள்.
இதற்கு வகுக்கத் தெரியாது, கழிக்கத்தான் தெரியும்.
இருபது இருபதாய்க் கழித்து மிஞ்சியதைக் கொடு என்றேன்.
ரொட்டி புரட்டும்போதுதான் உறைத்தது:
முதல் பதினாறு பேருக்குப் பதின்மூன்று வாசல்,
கடைசி நாலு பேருக்குப் பன்னிரண்டு.
கடைசி நாலு பேர், கக்கூசை ஒட்டிய காம்பராக்கள்.
ஒழுகும் தகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான்.
இருந்தாலும் ஒரு வரி சேர்த்தேன்:
இருநூற்று நாற்பதும் அதற்கு மேலும் வந்தால்
எறி, புதிதாய் எடு.

சம்பள நாள். பிள்ளைக் காம்பரா வாசலில் கூட்டம்.
ஜெசிந்தா அழுத்தினாள்.
ஏழு.
ஏழு ரெங்கநாயகி.

மழை விட்டிருந்தது, அதனால் எல்லோரும் மூச்சு விடுவது கேட்டது.
மறுபடி அமுத்து என்றார்கள். ரெங்கநாயகியும்தான் சொன்னாள்,
எல்லோரையும் விடச் சத்தமாக.

மாட்டேன் என்றேன்.
நானும் எறிகிறேன், ஆனால் முகம் தெரியுமுன்.
முகம் பார்த்தபின் எறிவதற்கு வேறு பெயர்.
யாருக்கும் புரியவில்லை. எனக்கே வாய் தடுமாறியது.
வேலாயி மட்டும் கேட்டாள்:
'தராசுல நம்ம கொழுந்தப் பார்த்துட்டு
ரெண்டு கிலோ தள்ளுறானே கணக்குப்புள்ள, அதுவா?'

அதுதான்.

பணம் ஏழாம் காம்பராவுக்குப் போனது.
இரண்டு நாள் என்னோடு யாரும் பேசவில்லை.
இரவில் வரிவரியாய் மறுபடி பார்த்தேன். பிழையில்லை.
பிழை இருந்திருந்தால் தேவலாம்போல் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு விரல் போதாதென்றார்கள்.
பத்தொன்பது பேரும் வரிசையில் வந்து ஆளுக்கொரு தரம் அழுத்தினார்கள்,
சாயக்கறை விரல், பிளாஸ்டர் சுற்றிய விரல், வெற்றிலைச் சுண்ணாம்பு விரல்.
எட்டத்தில் நின்ற ரெங்கநாயகியும் கடைசியில் வந்து அழுத்தினாள்,
இனி அவள் எண் வராது என்று தெரிந்தும்.