ஓட்டுநர் 2

திரையில் நான் வெறும் ஓட்டுநர் 2.
ஓட்டுநர் 1 ஹெங்; பகல் அவருடையது.
சாவி கைமாறும் மாலையில்
இருக்கையை ஒரு சாண் முன்னால் இழுத்துக்கொள்வேன்,
கால் எட்டாது எனக்கு.
சீனப் புத்தாண்டு முடிந்த வாரம்
ஸ்டியரிங் வளையத்தில் செருகிய ஆரஞ்சை
அப்படியே விட்டுப் போயிருந்தார்.
பழத்தின் கனத்தைக்
கை என்று நம்பிவிடுமாம் கார்.
நீயும் வைத்துக்கொள் இந்திராணி என்று
குரல்செய்தி வேறு.
உரித்துத் தின்றுவிட்டேன்.
நல்ல இனிப்பு.

வளையத்துக்குப் பின்னே பொட்டளவு கேமரா,
என் இமை எத்தனை முறை விழுகிறது என்று எண்ண.
கொட்டாவி விட்டால் ஒரு மணி.
கை தளர்ந்தால் இருக்கை அதிரும்.
அதுவும் போதாதென்றால்
ஆவி பறக்கும் கோப்பைப் படம்:
சற்று ஓய்வெடுக்கலாமே.
நாள் வாடகைக்கு ஓடும் கார்
ஓய்வைப் பற்றிப் பேசும்,
கேட்டுக்கொள்வேன்.

போன வியாழன்
சாங்கி மூன்றாம் முனையத்தில் ஏறியவரை
பூன் லேயில் இறக்கினேன்.
தீவு விரைவுச்சாலையில்
தோ பாயோவுக்கும் ஜூரோங்குக்கும் நடுவே
எதுவும் எனக்கு நினைவில்லை.
கண் திறந்துதான் இருந்தது.
கை வளையத்தில்தான் இருந்தது.
மனசு, அண்ணன் அனுப்பிய செய்திக்குப்
பதிலை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தது.
கோடுகளுக்குள் தன்னைத் தானே திருத்திக்கொண்டு
கார் போனது. ஒரு மணியும் அடிக்கவில்லை.
பயண முடிவில் மதிப்பெண்:
கவனம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

இன்று விடிகாலை ஐந்தே முக்கால்.
துவாஸில் ஆளை விட்டுத் திரும்புகிறேன்.
ஆயர் ராஜா விரைவுச்சாலை இன்னும் இருட்டில்.
இடப்பக்கத் தடத்தில் ஒரு லாரி.
பின்கட்டில் இருபது பேர் இருக்கலாம்,
தார்ப்பாய்க்குக் கீழே ஒருவர் தோளில் ஒருவராக
எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் ஆடின.
ஓரத்தில் ஒருவன் மட்டும் விழித்திருந்தான்,
சாப்பாட்டுப் பையை முழங்கால்களுக்கிடையில் இறுக்கியபடி.

பார்த்தேன்.
மூன்று நொடி இருக்கும்.
மணி அடித்தது.
சாலையைப் பாருங்கள்.

லாரியின் ஒரு சக்கரம் கோட்டை மிதித்தது.
பிறகு அடுத்தது.
சைகை விளக்கு இல்லை, அவசரமும் இல்லை,
தூக்கத்தில் புரண்டு படுப்பவன் போல
என் பக்கம் வந்தது.

ஓட்டுபவனும் அவர்களில் ஒருவனாகத்தான் இருப்பான்.
நேற்றுப் பகல் முழுக்கக் கம்பி கட்டிவிட்டு,
இரவில் எல்லாரையும் விடுதியில் இறக்கிவிட்டு,
எல்லாருக்கும் முன்னால் எழுந்தவன்.
அவன் இமையை எண்ண யாரும் இல்லை.
கோப்பைப் படம் இல்லை.
ஓர் ஆரஞ்சுகூட இல்லை.

ஹாரனில் வைத்த உள்ளங்கையை
நான் எடுக்கவேயில்லை.
பதறிப்போய் என் கார் தன்னிடமிருந்த
எல்லா மணிகளையும் அடித்தது,
என்னைப் பார்த்து.

லாரி திடுக்கிட்டுத் தன் தடத்துக்குத் திரும்பியது.
இருபது தலைகளும் ஒருசேர நிமிர்ந்தன.
ஒருவன் பாதித் தூக்கத்தில் திட்டினான்;
வாயசைவிலேயே தெரிந்தது, தமிழ்.
பைக்காரன் கையைத் தூக்கினான்.
எதற்கென்று இன்னும் புரியவில்லை.

கிளமெண்டியில் வெளியேறினேன்.
காப்பிக்கடையில் அப்போதுதான் ஷட்டர் ஏறியது.
கோப்பி ஓ, சீனி இல்லாமல்.
மதிப்பெண் வந்திருந்தது: அறுபத்தொன்று.
ஓட்டுநர் 2 சாலையிலிருந்து கண்ணை எடுத்தார்.

லாரியின் பின்பலகையில் எழுதியிருந்தது:
நான் ஒழுங்காக ஓட்டுகிறேனா? அழையுங்கள்.
எண் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது.
அழைத்தால் அவன் தூங்கலாம்,
வேலை போய், ஊருக்கே போய்த் தூங்கலாம்.
அழைக்காவிட்டால்
நாளை ஐந்தே முக்காலுக்கு
அந்த இருபது தலைகள்.

எட்டு எண்ணில் ஏழை அழுத்திவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
கோப்பியில் ஆவி அடங்கிவிட்டது.